வெள்ளை ட்யூப் கேட்டு வந்தவர்

கலர் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். எந்த ட்யூப் எந்தத் தட்டில் இருக்கும், எந்த பிரஷ் எந்த டப்பாவில் நிற்கும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே பழகிவிடும். அதை எழுதி நான் என் பேனா மையை வீணாக்கப் போவதில்லை. தக்கலையில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று என் மகள் கேலி செய்வாள். மிச்சம் வேறொன்றும் உண்டு. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

முதல்முறை வாட்டர் கலர் வாங்க வருகிறவர்களிடம் ஒரு பரபரப்பு இருக்கும். செல்போனில் யாரோ படம் போடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆளின் மேஜையில் இருந்த அத்தனையும் தனக்கும் வேண்டும் என்பார்கள். ஒருமுறை பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்த ஒரு தம்பதி, அந்தப் பழைய மரத்தூணின் நிறத்தை எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்று கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியைக் கேட்டார்கள். பெட்டியைத் திறந்து வைத்து, இதில் அந்தத் தூண் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். பழுப்பிலேயே பல விதம் இருந்தது, தூண் மட்டும் இல்லை. நீலத்தையும் செம்பழுப்பையும் தட்டில் கொஞ்சம் பிதுக்கி, தண்ணீர் விட்டுக் கலந்து, காகிதத்தில் ஒரு கீற்று இழுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் இதேதான், இதேதான் என்று கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு ட்யூபோடு போனார்கள். முதலாளி என்னை முறைத்தார். அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது சூசையண்ணனைப் பற்றி. 

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கக் கொஞ்ச நாள் இருந்தது. அறுபது தாண்டிய ஒருவரும் அவர் மனைவியும் கடைப்படி ஏறி வந்தார்கள். இனயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறோம் என்றார்கள். சூசையண்ணன் வயதான பிறகும் ஆழ்கடலுக்குப் போய் மீன் பிடித்தவர். மனைவி திரேசக்கா கரையில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். இதெல்லாம் பேச்சில் பிறகு தெரிந்தது. வந்ததும் எனக்குத் தெரிந்தது அவர் கேட்ட சாமான்தான்.

“வெள்ளை வேணும் தங்கச்சி. பெரிய ட்யூப்பா எடு. ரெண்டு மூணு எடுத்தாலும் கொள்ளாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் காரணமும் உடனே புரிந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, முதலில் முழுக்க வெள்ளை அடித்து, அதன்மேல்தான் நீலமும் சிவப்பும் ஏற்றுவார்கள். வாழ்நாள் முழுக்கப் படகுக்கு பெயின்ட் அடித்த கை, காகிதத்துக்கும் அதைத்தான் கேட்கிறது. வாட்டர் கலரில் வெள்ளையை வாங்க வேண்டியதில்லை, காகிதம்தான் வெள்ளை, வெள்ளையாக வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும் என்று அவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். திரேசக்காவுக்குத்தான் சந்தேகம்.

“கடையில நின்னுட்டு சாமானம் வேண்டாம்ணு பறயுத ஆளை இப்பந்தான் பாக்கேன்,” என்றார்.

ட்யூப்களை எடுத்து சூசையண்ணன் முன்னால் வரிசையாக வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொன்றையும் பார்க்க அவர் தலையைத் திருப்பினார். சாவித் துவாரம் வழியாக ஒரு அறையைப் பார்க்கிறவர் போல, துண்டு துண்டாகப் பார்த்தார். கை நீட்டியபோது பக்கத்தில் இருந்த பிரஷ் டப்பா தட்டிக் கீழே விழுந்தது. டப்பா அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. திரேசக்கா பிரஷ்களைப் பொறுக்கி வைத்துவிட்டு, எதிரே இருந்த மருந்துக்கடைக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனார்.

அவர் காலடிச் சத்தம் படியிறங்கும்வரை சூசையண்ணன் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டார். கண்ணில் பிரஷர், ஓரமெல்லாம் மறைந்துவிட்டது, நடுவில் மட்டும் ஒரு பைப் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் தெரிகிறது, அதுவும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய வருத்தம் இல்லை. அவருக்கு வேறொரு அவசரம் இருந்தது.

“அவ இத்தன காலம் கரையில நின்னு கடலைப் பாத்தா. நான் கடல்ல நின்னு கரையைப் பாத்தேன். நான் பாத்த கரையை அவ கண்டதே இல்ல. அத அவளுக்கு ஒரு தடவை காட்டணும், தங்கச்சி. கண்ணு அடையதுக்கு முன்ன.”

அந்தப் படகுகளில் பெண்களை ஏற்றும் வழக்கம் இல்லை. என்றைக்காவது கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்விட்டது. இப்போது அவரே கடலுக்குப் போக முடியாது. போனில் படம் எடுத்து வரச் சொல்லலாமே என்று கேட்டேன். தங்கை மகன் எடுத்து வந்தானாம். அதில் மலையெல்லாம் எறும்பு வரிசை மாதிரி சின்னதாக இருந்ததாம். நான் பார்த்தது அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார். படம் எதற்கு என்று மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தொடங்குகிறவருக்கு எது நல்லது என்று ஒரு பொதுவான விடை கிடையாது. எதிரே நிற்கிறவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பென்சிலும் ரப்பரும் கொடுத்திருந்தால் அந்த மெல்லிய கோடு அவருக்குத் தெரிந்திருக்காது. கட்டிக் கலர் பெட்டி கொடுத்திருந்தால் எந்தக் குழியில் எந்த நிறம் என்று தேடியே கண் களைத்துப் போயிருக்கும். ட்யூப்தான் சரி என்று பட்டது. அல்ட்ராமரைன் நீலம் ஒன்று, செம்பழுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. மூன்றின் மூடியும் விரலுக்கு வேறு வேறாகத் தெரியும்படி ஒன்றில் நூல் சுற்றினேன், ஒன்றில் ரப்பர் பேண்டு போட்டேன், ஒன்றை அப்படியே விட்டேன். பிரஷ் ஒன்றே ஒன்று, வயிறு தடித்து நுனி கூர்ந்தது. நனைத்து ஒரு உதறு உதறினால் நுனி தானாகக் கூட வேண்டும், கூடவில்லை என்றால் அதைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காகிதத்தில்தான் நான் தயங்கினேன். கடல் பெரியது, பெரிய தாளாகக் கொடு என்றார். நோட்டுக் காகிதம் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும் என்பதால் தடித்த தாளை எடுத்தேன். ஆனால் பெரிய தாளை அவர் முன்னால் விரித்தபோது, அவருடைய பார்வை அதன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அலைந்தது. மலையைப் பார்த்தால் கடல் தெரியாது, கடலைப் பார்த்தால் மலை தெரியாது. அவர் சம்மதத்தைக் கேட்காமலே தாளை வெட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு வந்ததும் அவர் தலை அசைவது நின்றது. அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அந்தத் தாள் முழுசாக அடங்கிவிட்டது.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து, நீலத்தைத் தொட்டு ஒரு கீற்று போடச் சொன்னேன். போட்டார். அதே பிரஷை மறுபடி தண்ணீரில் முக்கி, வேறு நிறம் எடுக்காமல் மேலே இன்னொரு கீற்று போடச் சொன்னேன். அது வெளிறி விழுந்தது. மறுபடி முக்கி இன்னும் மேலே ஒன்று. அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிறியது. அவர் பிரஷைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

“வெள்ளம் கூடக்கூட மலை அங்கோட்டு போவுதே,” என்றார். தண்ணீரைத்தான் அவர் வெள்ளம் என்றார்.

நானும் பார்த்தேன். மேலே இருந்தது மலைத்தொடரின் உச்சி, நடுவில் வேளிமலை, கீழே தென்னந்தோப்பு. மூன்று கீற்றுகளுக்கும் ஒரே நீலம், தண்ணீர் மட்டும்தான் வேறு. எத்தனையோ வருடம் அந்த நீலத்தை நான் விற்றிருக்கிறேன். அதற்குள் இத்தனை தூரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். திரேசக்கா மருந்தோடு திரும்பி வந்து, என்ன இரண்டு பேரும் பேய் அறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

மழை தொடங்கி, ஊரே நனைந்து ஊறிக் கிடந்த ஒரு காலையில் அவர்கள் திரும்ப வந்தார்கள். திரேசக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் வெட்டிக் கொடுத்த தாள்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தால் மலையும் கடலும் குழம்பி ஒன்றாகிவிட்டிருந்தன. போட்டு நாளாகிவிட்டது என்றார்கள், ஆனால் தொட்டால் ஈரம். காய்ந்தது போல இருக்குமாம், விடிந்து பார்த்தால் மறுபடி நனைந்திருக்குமாம்.

“கள்ளக் கலரு,” என்றார் திரேசக்கா.

மழைக்காலம் அப்படித்தான், ஓதம், என்று சொல்லி அனுப்பிவிடலாம். முதலாளி அதைத்தான் கண்ணால் காட்டினார். புது ட்யூபும் புதுத் தாளும் கொடுத்து அனுப்பினாலும் கடைக்குக் கெட்ட பெயர் வராது. ஆனால் சூசையண்ணன் இந்தத் தடவை கவுண்டரைத் தடவிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். முன்பு இருந்த பார்வையும் குறைந்திருந்தது. காரணம் தெரியாமல் திருப்பி அனுப்பினால் இதே கதை இன்னொரு தடவை நடக்கும். இன்னொரு தடவைக்கு அவருடைய கண்ணில் இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. 

கலரைச் சோதிப்பதை விட்டுவிட்டு அவரிடம் கேட்கத் தொடங்கினேன். எங்கே உட்கார்ந்து வரைந்தார்? கடற்கரையில், அலைதடுப்புக் கல்லின் மேல். யார் துணைக்கு? யாரும் இல்லை என்றார், காரணம் எனக்குத் தெரியும், திரேசக்கா பார்த்துவிடக் கூடாதே. தண்ணீர் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?

“அத யாரு கொண்டுவரணும்? அதான் முன்னாடி கெடக்கே.”

நான் ஒரு தாளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடைக்காரி தாளை நக்குவதைப் பார்த்த திரேசக்காவும் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூசையண்ணனுக்கு மட்டும் அதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. கடலை வரைவதற்குக் கடல்வெள்ளம் ஆகாதா என்று கேட்டார். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடலில் நனைந்த சட்டையை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் எந்த வெயிலிலும் பிசுபிசுத்துக் கொண்டேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா. காகிதமும் துணி மாதிரிதான் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சோர்ந்துவிட்டார். கண் இனி பிடிக்காது தங்கச்சி என்றார். அப்போது முதலாளி நல்ல மனதோடு ஒன்று சொன்னார்: அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் வரைந்து கொடுங்கள். எனக்கு வரையத் தெரியும். மலையும் தென்னையும் போட எவ்வளவு நேரமாகும்? பிரஷை எடுக்கக் கை நீண்டும்விட்டது. ஆனால் நான் கடலிலிருந்து ஒரு நாளும் கரையைப் பார்த்தவள் இல்லை. நான் போட்டால் அது காலண்டர் படம் மாதிரி அழகாக இருக்கும், அதில் அவர் பார்த்தது ஒன்றுமே இருக்காது. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் மெஷினைத் தள்ளிவிட்டு, வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் மேஜையைப் போட்டேன். நல்ல தண்ணீரும் புதுத் தாளும் அவருடைய ட்யூப்களும் வைத்து, இங்கேயே இப்போதே போடுங்கள் என்று அவரை உட்கார வைத்தேன்.

அவர் மறுக்கவில்லை. நூல் சுற்றிய மூடியை விரலால் கண்டுபிடித்தார்.

முதலில் மிகவும் வெளிறிய நீலத்தில் தூரத்து மலையைப் போட்டார். அது காய வேண்டும். முதலாளி அவசரப்பட்டு ஃபேனைப் போட எழுந்தார், தாள் பறக்கும் என்று நான் தடுத்தேன். மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். காய்ந்தது என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நிறம் கூட்டி வேளிமலையைப் போட்டார். மறுபடி காத்திருந்தோம். பிறகு மஞ்சளும் நீலமும் சேர்த்துத் தென்னை வரிசை. அதன் நடுவில் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம்.

வாட்டர் கலரில் வெளிறியதை முதலில் போட வேண்டும், அடர்ந்ததைக் கடைசியில் போட வேண்டும். இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பாடம் போல நான் ஒப்பித்திருக்கிறேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் எப்படிச் சரியாகச் செய்கிறார் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார், திரும்பி வரும்போது கரை அப்படித்தானே வரும் என்று. முதலில் மேகமா மலையா என்று தெரியாமல் ஒரு நிழல். ஒரு நேரம் போன பிறகு அதற்கு முன்னால் இன்னொரு மலை. அப்புறம் தென்னை, அப்புறம் கோபுரம். அவர் படம் வரையவில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.  முதலாளியும் கல்லாவை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார்.

கடைசியில் கரைமணல் வந்தது. அப்போது அவர் இடது கைக் கட்டைவிரலைக் கோபுரத்துக்குக் கீழே ஓரிடத்தில் ஊன்றினார். கை நடுங்காமல் இருக்கத்தான் ஊன்றுகிறார் என்று நினைத்தேன். பிரஷ் அந்த விரலைச் சுற்றி மெல்லப் போனது. பிறகு நீலமும் பழுப்பும் கலந்து, தாளின் அடிவரைக்கும் கடல். அந்தக் கடல்தான் படத்தில் பாதிக்கு மேல். மழைக்கு முந்திய கடலின் கறுப்பு அதில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வேறு படம் வரையவில்லை, கண் இடம் கொடுக்கவில்லை. இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் யாராவது முதல்முறை வெள்ளை ட்யூப் கேட்டால் உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள், எதை விட்டுவைக்கப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். இது நான் அன்றைக்கு வாசலில் மழைச்சாரலில் நின்று கற்றுக்கொண்டது.

அன்றைக்கு அவர் பிரஷை வைத்துவிட்டுக் கட்டைவிரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் காகிதம் வெள்ளையாக இருந்தது, நகத்தளவுக்கு. தாளைத் தூக்கி மனைவி இருந்த பக்கம் நீட்டினார்.

“ஏட்டி, இதான் நான் பாத்தது. கடல்லேருந்து நம்ம கரை.”

திரேசக்கா வாங்கிப் பார்த்தார். டாக்டர் சொன்ன வேலை இதுவல்ல என்று அவருக்கு அந்த நிமிடம்தான் விளங்கியிருக்க வேண்டும். கோபுரத்தைத் தொட்டுவிடாமல் விரலால் காட்டி, அதற்குக் கீழே ஒரு இடம் வெள்ளையாக விட்டுப்போயிருக்கிறதே என்றார்.

“விட்டுப்போகல்ல. அது நீ.”

 திரேசக்கா தனக்கே உரிய கறாரோடு கேட்டார்.

“நான் அங்க எப்ப நின்னேன்? நீங்க வார நேரம் நான் ஏலத்துல கெடந்து மல்லுக்கட்டிட்டு இருப்பேன்.”

“நீ நின்னியோ, நிக்கல்லியோ. நான் ஒன்னயப் பாத்துட்டுத்தான் வருவேன்.”

 திரேசக்கா படத்தை முகத்தின் அருகே கொண்டுபோனார், பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். தாளின் அடியிலிருந்து அந்த வெள்ளைவரைக்கும் பரந்து கிடந்த கறுத்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு தூரத்துல இருந்தா?” என்று கேட்டார்.